மீன் தொட்டிக்கு தண்ணி மாத்துறது: இடுப்பு ஒடியாம செய்ய முதல்ல புரிஞ்சுக்க வேண்டியது

சென்னை கொளத்தூர் வளர்ப்பு மீன் மார்க்கெட்ல மீன் வாங்கினா கடைக்காரர் கவருக்கு ரப்பர் பேண்ட் போட்டுக்கிட்டே ஒரு வார்த்தை சொல்லி அனுப்புவாரு, "அப்பப்போ தண்ணி மாத்திடுங்க". எவ்ளோ மாத்தணும், எதுக்கு மாத்தணும்னு அந்தக் கூட்டத்துல அவரும் சொல்ல மாட்டாரு, நாமளும் கேக்க மாட்டோம். வீட்டுக்கு வந்தப்புறம் ஆளாளுக்கு ஒண்ணு புரிஞ்சுக்கிறாங்க. சிலர் மாசத்துக்கு ஒரு தடவை மீனையெல்லாம் பக்கெட்ல அள்ளிப்போட்டு, கல்லை வெளிய கொட்டி, தொட்டிய பாத்ரூமுக்கு தூக்கிட்டுப் போய் பளபளன்னு தேய்ச்சு, புதுத் தண்ணி ரொப்பி மீனை விடுறாங்க, ரெண்டு நாள்ல பாதி மீன் மேல மிதக்குது. இதைப் பார்த்த பக்கத்து வீட்டுக்காரர் "தண்ணி மாத்துறதே தப்புப்பா, அதான் ஃபில்டர் ஓடுதே, வத்துனா மட்டும் ஊத்து போதும்"னு சொல்லிட்டு ஒரு வருஷம் மாத்தாம வச்சிருப்பாரு.

ரெண்டு பேரும் ஒரே விஷயத்தைத்தான் தப்பா புரிஞ்சுக்கிட்டாங்க. தண்ணி மாத்துறது வேற, தொட்டி கழுவுறது வேற. மாத்துறதுன்னா உள்ள கரைஞ்சு போன சமாச்சாரத்தோட அளவைக் குறைக்கிறது, அவ்ளோதான். அதுக்கு மீனைப் பிடிக்க வேணாம், கல்லை எடுக்க வேணாம், தொட்டிய அசைக்கக்கூட வேணாம். இது புரிஞ்சாலே பாதி வேலை குறைஞ்சுடும், மிச்சப் பாதியை ஒரு ட்யூபும் ஒரு சின்ன மோட்டரும் பார்த்துக்கும்.

தண்ணிக்குள்ள என்ன சேருது

மீன் மூச்சு விடும்போதே செவுள் வழியா ஒரு கழிவு வெளிய வருது, அதுக்குப் பேரு அமோனியா. மீன் போடுற கழிவு, திங்காம விட்ட தீனி, அழுகின செடி இலை எல்லாத்துல இருந்தும் இது வரும். கண்ணுக்குத் தெரியாது, ஆனா மீனுக்கு விஷம், கொஞ்சம் சேர்ந்தாலே செவுள் வெந்து போன மாதிரி ஆகி மேல வந்து வாயைத் திறந்து திறந்து மூடும்.

நல்ல வேளையா இந்த அமோனியாவைத் தின்னுற பாக்டீரியா ஒண்ணு தொட்டியிலேயே தானா வளரும். அது அமோனியாவை நைட்ரைட்டுன்னு இன்னொண்ணா மாத்தும், இதுவும் விஷம்தான், மீனோட ரத்தம் ஆக்சிஜன் எடுத்துட்டுப் போறதைத் தடுத்துடும். அப்புறம் இன்னொரு வகை பாக்டீரியா அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டா மாத்தும். நைட்ரேட் ரொம்ப சாது, நிறைய சேர்ந்தாதான் தொந்தரவு. புதுத் தொட்டியில இந்த பாக்டீரியா கூட்டம் நல்லா வளர நாலுல இருந்து ஆறு வாரம் பிடிக்கும், அதனாலதான் தொட்டி வாங்கின அன்னிக்கே 20 மீன் வாங்கி விடுறவங்க வீட்டுல மொதல் மாசமே சாவு விழுது.

இங்கதான் முக்கியமான ஒண்ணு இருக்கு. இந்த பாக்டீரியா தண்ணியில மிதக்கிறது ரொம்பக் கம்மி. ஃபில்டர் ஸ்பாஞ்ச், அடியில இருக்கிற கல்லு, கண்ணாடியில வழவழன்னு ஒட்டியிருக்குமே அந்தப் படலம், இதுலதான் குடியிருக்குது. தண்ணியைப் பாதி வெளிய எடுத்தாலும் அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஆனா கல்லை எடுத்து குழாயடியில அலசி, ஸ்பாஞ்சை குளோரின் தண்ணியில பிழிஞ்சு, கண்ணாடிய சோப்பு போட்டு தேய்ச்சா மொத்த கூட்டமும் காலி, அமோனியாவைத் தின்ன ஆள் இல்ல. முழுசா கழுவின தொட்டியில ரெண்டு மூணு நாள் கழிச்சு மீன் சாகுறதுக்கு பெரும்பாலும் இதுதான் காரணம், புதுத் தண்ணி ஒத்துக்கலைன்னு நாம பழியைத் தண்ணி மேல போடுறோம்.

இதுவரைக்கும் வந்தது இவ்ளோதான்: அமோனியா நைட்ரைட் ஆகுது, நைட்ரைட் நைட்ரேட் ஆகுது, இந்த ரெண்டு வேலையையும் ஃபில்டர்ல இருக்கிற பாக்டீரியா செய்யுது. கடைசியா நிக்கிற நைட்ரேட்டை சாதாரண ஃபில்டர் எடுக்காது. செடி கொஞ்சம் எடுக்கும், மிச்சத்தை நாமதான் எடுக்கணும்.

உப்பு கூடின ரசம்

ரசத்துல உப்பு கூடிப்போச்சுன்னு வைங்க. வடிகட்டிப் பாருங்க, உப்பு போகுமா? போகாது, ஏன்னா அது கரைஞ்சு போச்சு. அடுப்புல வச்சு இன்னும் கொதிக்க விட்டா வத்த வத்த இன்னும்தான் கரிக்கும். கொதிச்சு வத்துன அளவுக்கு மட்டும் தண்ணி ஊத்துனா பழைய உப்புக்கே திரும்ப வரும், குறையாது. கால்வாசி ரசத்தை வேற பாத்திரத்துல ஊத்தி வச்சுட்டு அந்த அளவுக்கு வெந்நீர் சேர்த்தாதான் உப்பு கால்வாசி குறையும்.

தொட்டியும் இதே கணக்குதான். ஃபில்டர் வடிகட்டி மாதிரி, அது கண்ணுக்குத் தெரியிற அழுக்கைப் பிடிக்கும், கரைஞ்ச நைட்ரேட்டை விட்டுடும், அதனால தண்ணி கண்ணாடி மாதிரி தெளிவா இருக்கிறதுக்கும் நல்லா இருக்கிறதுக்கும் சம்பந்தம் இல்ல. ஃபேனுக்குக் கீழ தொட்டி வச்சிருந்தா மே மாசத்துல மட்டம் சரசரன்னு இறங்கும், ஆவியா போறது வெறும் தண்ணி மட்டும், உப்பும் நைட்ரேட்டும் உள்ளயே தங்கிடும். வத்துன இடத்துல குழாய்த் தண்ணி ஊத்துறோம், அந்தத் தண்ணியும் தன் பங்குக்கு கொஞ்சம் உப்பு கொண்டு வருது, அடுத்த வாரம் அதுவும் வத்துது, உப்பு மேல உப்பு. "நான்தான் வாராவாரம் ஒரு பக்கெட் ஊத்துறேனே"ன்னு சொல்றவங்க ஊத்துறாங்க, மாத்தல.

எவ்ளோ, எப்போ: ஒரு சின்னக் கணக்கு

நைட்ரேட்டை பிபிஎம்னு அளப்பாங்க, ஒரு லிட்டர் தண்ணியில எத்தனை மில்லிகிராம் இருக்குன்னு அர்த்தம். மீன் கடையில விக்கிற டெஸ்ட் கிட்ல சொட்டு விட்டுக் கலர் பார்த்தா தெரியும். சாதாரண வீட்டுத் தொட்டிக்கு 40-க்கு கீழ இருந்தா நிம்மதி, 20-க்கு கீழன்னா ரொம்ப நல்லது.

உங்க தொட்டியில வாரத்துக்கு 10 பிபிஎம் நைட்ரேட் சேருதுன்னு வைங்க. வாராவாரம் கால்வாசி தண்ணி மாத்துறீங்க. கொஞ்ச மாசம் போனா ஒரு இடத்துல இது நிக்கும்: மாத்துறதுக்கு முன்னாடி 40, மாத்துனப்புறம் 30, வாரம் முடிஞ்சா திரும்ப 40. ஏன்னா 40-ல கால்வாசி 10, சேர்றதும் 10, வரவும் செலவும் சரியாப் போச்சு. இதையே வாரம் பாதி மாத்துனா 20-ல நிக்கும். வெறும் 10 சதவீதம்தான் மாத்துவேன்னா 100 வரைக்கும் ஏறிட்டுதான் நிக்கும். மாசத்துக்கு ஒரு தடவை கால்வாசின்னா நாலு வாரத்துக்கு 40 சேருது, அது 160-ல போய் நிக்கும்.

இந்தக் கணக்குல எனக்கு ரொம்பப் பிடிச்சது என்னன்னா, எதுவுமே முடிவில்லாம ஏறுறதில்ல, நாம எவ்ளோ மாத்துறோமோ அதுக்கு ஏத்த மாதிரி ஒரு உயரத்துல போய் நின்னுடுது, அந்த உயரத்தைத் தீர்மானிக்கிறது நாமதான். இன்னொரு வழியும் இதுலயே தெரியும், மீனையும் தீனியையும் பாதியாக்கினா சேர்றது 5 ஆகும், கால்வாசி மாத்துனாலே 20-ல நிக்கும். தண்ணி மாத்துற வேலையை ஈஸியாக்க இதைவிட சல்லிசான வழி கிடையாது, ஆனா கொளத்தூர் போனா கை சும்மா இருக்காதே.

லிட்டர் கணக்கு தெரியணும்னா ஒரு கன அடி 28 லிட்டர் சொச்சம். ரெண்டடி நீளம், ஒரு அடி அகலம், ஒரு அடி உயரம்னா 56 லிட்டர், கல்லு, மேல விடுற இடைவெளி எல்லாம் போக 45-ல இருந்து 50 இருக்கும். அதுல கால்வாசி ஒரு பக்கெட் கூட வராது. மூணடிக்கு ஒன்றரை ஒன்றரைன்னா 190 லிட்டர், கால்வாசியே மூணு பெரிய பக்கெட், ஒவ்வொண்ணும் 15 கிலோ. பெரிய தொட்டி வச்சிருக்கிறவங்க அலுத்துக்கிறது இதுக்குத்தான்.

சுருக்கமா சொல்லணும்னா, புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு வாரம் கால்வாசி. மீன் நெருக்கமா இருந்தா, இல்ல ஆஸ்கர், ஃப்ளவர்ஹார்ன், கோல்ட் ஃபிஷ் மாதிரி நிறைய கழிவு போடுற மீனா இருந்தா வாரம் பாதி.

ரொம்ப நாள் மாத்தாத தொட்டி

இது தனியா சொல்ல வேண்டியது, ஏன்னா "தண்ணி மாத்துனா மீன் செத்துடும்"ங்கிற நம்பிக்கையே இங்க இருந்துதான் வந்திருக்கு.

தண்ணி எவ்ளோ புளிப்பு, எவ்ளோ காரம்னு சொல்ற அளவுக்குப் பேரு பிஹெச். 7 நடுவுல, அதுக்குக் கீழ புளிப்பு. பாக்டீரியா அமோனியாவை மாத்துற வேலையில கொஞ்சம் கொஞ்சமா அமிலம் உண்டாகும், அதைச் சமாளிக்கிற தாது உப்பு தண்ணியில இருக்கிற வரைக்கும் பிஹெச் அசையாது. வருஷக்கணக்கா மாத்தலைன்னா அந்த உப்பு தீர்ந்துபோய் பிஹெச் 6-க்கு பக்கத்துல சரியும். அவ்ளோ புளிப்புல பாக்டீரியாவும் மந்தமாயிடும், அமோனியா தேங்கும். ஆனா மீன் சாகாது! ஏன்னா புளிப்பான தண்ணியில அமோனியா கிட்டத்தட்ட முழுசும் அமோனியம்னு வேற வடிவத்துல இருக்கும், அது அவ்ளோ விஷம் இல்ல. மீனும் மெல்ல மெல்லப் பழகிடும்.

இப்ப ஒரு நாள் ஞானோதயம் வந்து முக்கால்வாசி தண்ணியை மாத்துறோம். குழாய்த் தண்ணி பிஹெச் 7.5 இல்ல 8. பிஹெச் ஒரு பாயிண்ட் ஏறினா விஷமா இருக்கிற அமோனியாவோட பங்கு கிட்டத்தட்ட 10 மடங்கு ஏறும். சாதுவா கிடந்த அமோனியம் மொத்தமா குணம் மாறுது, அதோட சேர்ந்து உப்பு அளவும் சட்டுன்னு மாறுது, மீன் துடிச்சுப் போகுது. நல்ல தண்ணி ஊத்துனதுதான் தப்புன்னு ஊரே சொல்லும், தப்பு அத்தனை மாசம் மாத்தாம விட்டதுல இருக்கு.

அப்படிப்பட்ட தொட்டி உங்க கிட்ட இருந்தா ஒரே நாள்ல சரி பண்ணாதீங்க. தினமும் 10 சதவீதம், ரெண்டு வாரம். டிடிஎஸ் மீட்டர்னு பேனா மாதிரி ஒண்ணு கிடைக்கும், தண்ணியில மொத்தம் எவ்ளோ உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டும், ஆர்ஓ மெஷின் போட வர்றவங்க கையில பார்த்திருப்பீங்க. குழாய்த் தண்ணியில ஒரு தடவை, தொட்டியில ஒரு தடவை வச்சுப் பாருங்க. ரெண்டும் பக்கத்துல வந்துட்டா அப்புறம் வழக்கமான வாராந்திர வேலைக்குப் போயிடலாம்.

நம்ம ஏரியா தண்ணி

வடசென்னையில ஒரே தெருவுல மூணு வகை தண்ணி ஓடும். குடிநீர் வாரியம் விடுற மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணி, போர்வெல் தண்ணி. புழல் ஏரித் தண்ணி ஒரு பக்கம், 2010-ல மீஞ்சூர் பக்கம் காட்டுப்பள்ளியில ஆரம்பிச்ச கடல்நீரைக் குடிநீராக்குற ஆலைத் தண்ணி இன்னொரு பக்கம், ரெண்டும் நம்ம பக்கம் வந்திருக்கு. மெட்ரோ, லாரி எதுவா இருந்தாலும் அதுல குளோரின் இருக்கும். குடிதண்ணிக்கான இந்தியத் தர விதிப்படியே லிட்டருக்கு குறைஞ்சது 0.2 மில்லிகிராமாவது மிச்சம் இருக்கணும், லாரித் தண்ணியில சில நாள் மூக்கைத் துளைக்கும். நமக்கு நல்லது, மீன் செவுளுக்கும் ஃபில்டர் பாக்டீரியாவுக்கும் ஆகாது.

குளோரின் போக ரெண்டு வழி. திறந்த ட்ரம்ல ஒரு நாள் முழுக்க வச்சா தானா போயிடும், ஏர் பம்ப் போட்டா சீக்கிரமாவே போகும். அவசரம்னா மீன் கடையில ஆன்டி குளோரின்னு சின்ன பாட்டில்ல விப்பாங்க, பெரும்பாலும் அது சோடியம் தயோசல்ஃபேட், ஊத்துன ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல குளோரினை முறிச்சுடும். குழாய்ல இருந்து நேரா தொட்டிக்கே விடுறீங்கன்னா ஊத்துற தண்ணிக்கு மட்டும் இல்லாம மொத்தத் தொட்டிக்கும் கணக்கு போட்டு மருந்தை முதல்ல விட்டுட்டு அப்புறம் தண்ணி விடுங்க.

போர் தண்ணியில குளோரின் இல்ல, ஆனா கடலோரம் உப்பு. மீஞ்சூர் பக்கம் நிலத்தடி நீரை உறிஞ்சி உறிஞ்சி கடல் தண்ணி உள்ள வந்தது பழைய கதை, திருவொற்றியூர், எண்ணூர் பக்கம் இருக்கிறவங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. மோலி, கப்பி இந்த உப்பைத் தாங்கும், மோலிக்கு அது பிடிக்கவே செய்யும். டெட்ரா, டிஸ்கஸ் எல்லாம் அந்தத் தண்ணியில வச்சு மல்லுக்கட்டுறது வீண் செலவு, நம்ம வீட்டுல வர்ற தண்ணிக்கு ஏத்த மீனை வாங்குறதுதான் புத்திசாலித்தனம். எந்தத் தண்ணியா இருந்தாலும் ஒரே வகையை விடாம ஊத்துங்க, இந்த வாரம் போர் அடுத்த வாரம் லாரின்னு மாத்தி மாத்தி ஊத்துனா மீனுக்குத்தான் திண்டாட்டம்.

அப்புறம் மொட்டை மாடி டேங்க். மே மாசம் மதியம் அந்தக் குழாயைத் திறந்தா டீ போடலாம். விடியக்காலையில பிடிங்க, இல்ல முந்தின நாளே ட்ரம்ல பிடிச்சு வீட்டுக்குள்ள வைங்க, சூடும் ஆறிடும் குளோரினும் போயிடும், ஒரே வேலை.

வெளிய எடுக்கிறது: சைஃபன்

ட்யூபோட ஒரு முனை தொட்டித் தண்ணிக்குள்ள, இன்னொரு முனை தொட்டி மட்டத்துக்குக் கீழ, நடுவுல ட்யூப் முழுக்க தண்ணி. இப்படி இருந்தா மோட்டர் இல்லாமலே தண்ணி தானா இறங்கும், இதுக்குப் பேரு சைஃபன். கீழ தொங்குற பக்கத்துல இருக்கிற தண்ணியோட எடை இழுக்குது, மேல காத்தோட அழுத்தம் தள்ளுது. ட்யூப் நடுவுல தொட்டி விளிம்பு மேல ஏறி இறங்குனாலும் பரவாயில்ல, பாத்ரூம் வாசப்படி குறுக்க வந்தாலும் பரவாயில்ல, வெளிய விழுற முனை தொட்டித் தண்ணி மட்டத்தைவிடக் கீழ இருந்தா போதும்.

அதனால முதல் செலவு நீளமான ட்யூப். கொத்தனாருங்க மட்டம் பார்க்கிற டிரான்ஸ்பரண்ட் ட்யூப் ஹார்ட்வேர் கடையில மீட்டர் கணக்குல கிடைக்கும், தொட்டியில இருந்து பாத்ரூம் வரைக்கும், இல்ல பால்கனி செடி வரைக்கும் எட்டுற மாதிரி வாங்கிடுங்க, பக்கெட் தூக்குற வேலை அதோட முடிஞ்சுது. அரை இஞ்சுக்கு பதிலா முக்கால் இஞ்ச் வாங்குனா ஓட்டை பரப்பு ரெண்டேகால் மடங்கு, அவ்ளோ சீக்கிரம் இறங்கும், சின்னத் தொட்டிக்கு அது ரொம்ப வேகம், அரை இஞ்சே போதும். வாயை வச்சு உறிஞ்சாதீங்க, அது அழுக்குத் தண்ணி. ட்யூபைச் சுருட்டி தொட்டிக்குள்ள முக்கி காத்தெல்லாம் போனப்புறம் ஒரு முனையைக் கட்டை விரலால அடைச்சு வெளிய கொண்டு வந்து கீழ விட்டா போதும்.

கடையில ட்யூப் நுனியில அகலமான குழல் மாட்டி கிராவல் கிளீனர்னு விப்பாங்க. ஏன் அகலம்னா, அதே தண்ணி அகலமான இடத்துல போகும்போது மெதுவா போகும், மெதுவா போற தண்ணியால கல்லைத் தூக்க முடியாது, லேசான அழுக்கை மட்டும் தூக்கிட்டுப் போகும். கல்லுக்குள்ள குத்தி அஞ்சாறு செகண்ட் வச்சு அடுத்த இடம் போங்க, ஒரு வாரம் இடது பாதி, அடுத்த வாரம் வலது பாதி. சின்ன மீன் இருந்தா நுனியில ஒரு துண்டு வலை கட்டிடுங்க.

தொட்டி ஓரத்துல மார்க்கர்ல கால்வாசிக்கு ஒரு கோடு போட்டுடுங்க, கோடு வந்ததும் ட்யூபை எடுங்க. வெளிய வர்ற தண்ணியில ஒரு மக்கு பிடிச்சு வச்சு, ஃபில்டர் ஸ்பாஞ்ச் ரொம்ப அடைச்சிருந்தா அதுலயே ரெண்டு அமுக்கு அமுக்கி அலசிடுங்க. மிச்சமெல்லாம் கறிவேப்பிலைக்கும் துளசிக்கும் விடுங்க, நைட்ரேட் அதுங்களுக்குச் சாப்பாடு.

உள்ள ரொப்புறது

இதுதான் எல்லாரையும் சோர்வாக்குற இடம், ஏன்னா இங்க தண்ணி மேல ஏறணும். நம்ம வீடுங்கள்ல எப்படியும் ஒரு நீல ட்ரம் இருக்கும். அதுல முந்தின நாள் பிடிச்ச தண்ணிக்குள்ள ஏர் கூலர்ல போடுற சின்ன மோட்டரை இறக்கி, ட்யூபைத் தொட்டிக்கு விட்டு ஸ்விட்ச் போட்டா அஞ்சு பத்து நிமிஷத்துல ரொம்பிடும். மோட்டர் டப்பாவுல எச் மேக்ஸ்னு ஒரு உயரம் போட்டிருக்கும். அந்த உயரத்துல தண்ணி சொட்டுகூட வராதுன்னு அர்த்தம், பாதி உயரத்துல தோராயமா பாதி வேகம். ட்ரம்ல தண்ணி குறையக் குறைய ஏத்த வேண்டிய உயரமும் கூடும், அதனால தொட்டி விளிம்பு ட்ரம் அடியில இருந்து எவ்ளோ உயரம்னு அளந்து அதைப்போல ரெண்டு மடங்கு எச் மேக்ஸ் இருக்கிறதா வாங்குங்க. தண்ணி விழுற இடத்துல ஒரு தட்டு வச்சா கல்லு கலையாது.

ஒரு கண்ணி இருக்கு. ட்யூப் முனை தொட்டித் தண்ணிக்குள்ள முங்கியிருக்கும்போது மோட்டரை ஆஃப் பண்ணா, மேல படிச்ச அதே சைஃபன் தலைகீழா வேலை செய்யும், தொட்டித் தண்ணி மோட்டர் வழியா ட்ரம்முக்கே இறங்கும். அதனால முனையைத் தண்ணி மட்டத்துக்கு மேல நிக்கிற மாதிரி ஒரு கிளிப் போட்டு மாட்டுங்க, காத்து உள்ள போயிடும், சைஃபன் பிடிக்காது.

வேலை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி தொட்டியோட ஃபில்டர், ஹீட்டர் இருந்தா அது, எல்லா ப்ளக்கையும் பிடுங்கிடுங்க. ட்ரம்ல கை விடும்போது மோட்டர் ப்ளக்கும் வெளிய இருக்கணும். ஒயர் வழியா சொட்டுற தண்ணி போர்டுக்குப் போகாம இருக்க ப்ளக் பாயிண்டுக்குக் கீழ ஒயரைக் கொஞ்சம் தொங்க விட்டு மாட்டுங்க. எல்லாம் முடிஞ்சு ஃபில்டரை ஆன் பண்ண மறந்துட்டுத் தூங்கப் போற ஆளுங்க நிறைய, ஃபில்டர் ப்ளக்கைப் பிடுங்கும்போதே உங்க செல்ஃபோன் சார்ஜரை அந்த இடத்துல சொருகாம இருந்தா நல்லது.